பாரம் குறைந்தால்தான் கார் ஏறும்

ரோவில், மெல்பேர்ண்
13.05.2012

என் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சமையல் மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். ஒரு குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு பக்கத்துக்கு மேல் நீங்கள் எழுதுவதே இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் அத்தான் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் சிரிப்புக்கு நடுவில் நான் சொல்லவந்ததில் பாதியை விட்டுவிடுகிறேன். அதனால்தான் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகாராணி பிறந்தநாள் விடுமுறைக்கு வருகிறோம், உன்னுடைய கல்லுகளைக் காட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். என் மண் பரிசோதனைக்கூட வேலையை ‘சேறு பிசைகிற உத்தியோகம்’ என்று சொல்லுகிற ஆள் நீங்கள்! எனக்கு நம்ப முடியவில்லை.

திட்டம் இது. இங்கிருந்து வடக்கே மசிடன் மலைப்பக்கம் போவோம். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். முதலில் ஹாங்கிங் ரொக். அது வெடித்துச் சிதறாத ஒரு எரிமலை, அக்கா. குழம்பு தடிப்பாக இருந்ததால் ஓட முடியாமல் அங்கேயே குவிந்து இறுகி, பிறகு நெடுக்காகப் பிளந்து தூண் தூணாக நிற்கிறது. அருகிலேயே ஒரு சின்னத் தெரு உண்டு. காரை நியூட்ரலில் விட்டால் மேட்டில் ஏறுவதுபோல இருக்கும். பிறகு வைன் செய்கிற ஒரு வைனரி. கடைசியாக, கைப்பம்பு அடித்துக் குடிக்கிற ஊற்று. தண்ணீர் சோடா மாதிரி நுரைக்கும், இரும்பு மணக்கும்.

அங்கே நான் எப்போதும் தனியாகத்தான் போவேன். யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. நீங்கள்தான் முதல்.

டிசம்பரில் நத்தாருக்கு நீங்கள் வந்தபோது கலியாணப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அதை மனதில் வைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்
தங்கச்சி துவாரகா


டூங்கபி, சிட்னி
24.05.2012

என் செல்லத் தங்கச்சிக்கு,

பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும், மற்றபடி எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

எங்களோடு விமலாவும் வருகிறா. எங்கள் கோயில் பழக்கம், நல்ல மனுசி. அவவுடைய மகன் நிரோஜன் அங்கே மெல்பேர்ணில்தான் வங்கி ஒன்றில் கொம்பியூட்டர் வேலை. அவரும் தன் காரில் வந்து சேர்ந்துகொள்வார். விமலாவுக்கு இயற்கை என்றால் உயிர். நீ எல்லாம் விளக்கமாகச் சொல்லு.

புளிச்சாதமும் கட்லட்டும் நான் செய்துகொண்டு வருகிறேன். நீ அந்தப் பழைய ஜீன்சைப் போட்டுக்கொண்டு வராதே. நான் வாங்கித் தந்த மஞ்சள் சுடிதாரைப் போடு, படத்துக்கு வடிவாக இருக்கும்.

அன்பு அக்கா
வைதேகி


ரோவில்
17.06.2012

அக்காவுக்கு,

அன்றைக்கே எழுதியிருந்தால் வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கமாட்டேன். ஒரு கிழமை ஆறப்போட்டேன். ஆறவில்லை.

மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு பாறை ஏறினேன். என் புத்தியை எதால் அடிப்பது? அப்போதே விளங்கியிருக்க வேண்டாமா?

விமலா அன்ரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சப்பாத்துப் போட்டு என்னோடு மேலே வந்தா. நான் கையைப் பிடித்து ஏற்றினேன். “பிள்ளை, இதை ஆர் இப்பிடி அடுக்கினது?” என்று கேட்டா.

“ஒருத்தரும் அடுக்கேல்லை அன்ரி. உள்ளுக்கையிருந்து பிதுங்கி வந்தது.”

“பற்பசை மாதிரியோ?”

“ஓம் அன்ரி, அச்சொட்டா அப்பிடித்தான்!”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் படிப்பித்ததை அந்த மனுசி ஒரு சொல்லில் பிடித்துவிட்டா. இப்படி ஒருவரை இத்தனை நாள் அக்கா கண்ணில் காட்டவில்லையே என்று நினைத்தேன். “உங்கட வேலையிலை கனநேரம் வெயிலுக்கை நிக்கவேணுமோ?” என்று கேட்டா. அக்கறை என்று நினைத்து, இல்லை அன்ரி, பெரும்பாலும் உள்ளேதான் என்றேன். அவ என் நிறத்தை விசாரித்திருக்கிறா. “வேலையாலை வந்து சமைக்கிறனீங்களோ?” என்றா. மீன்குழம்பு நன்றாக வைப்பேன் என்று பெருமையடித்தேன். “குதிக்கால் நோகுறேல்லையோ?” என்றாவே, அது என்ன அக்கா? என் காலில் ஏதும் குறையிருக்கிறதா என்றா? ஒரு நாள் முழுக்க நான் கல்லைக் காட்டினேன், நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

வைனரியில் அத்தான் ‘மருந்து மாதிரிக் கிடக்கு’ என்று சொல்லிச் சொல்லியே மூன்று கிளாஸ் இலவசமாகக் குடித்தார். நான் தோட்டத்து வெட்டுக்குழியில் மண்ணின் படைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்: மேலே எரிமலைச் சிவப்பு, கீழே பழைய மஞ்சள் களி, கொடியின் வேர் இரண்டையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. வைன் ஊற்றிக் கொடுக்கிற பெண் எனக்கும் ஒரு வாய் ருசி பார்க்கத் தந்தாள். நீங்கள் பாய்ந்து கிளாசைப் பறித்தீர்கள். “அவள் உதுகளைத் தொடவும் மாட்டாள்!” போன வருடம் என் வீட்டில் நானும் நீங்களும் ஒரு போத்தலை முடித்தது மறந்துவிட்டதா? யாருக்காகச் சொல்லுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தத் தெரு. நிரோஜன் தன் காரை நிறுத்தினார். நான் பக்கத்துச் சீற்றில், எங்கே நிறுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த எல்லோரையும் அத்தான் இறங்கச் சொன்னார். “நீங்கள் ரெண்டுபேரும் இருங்கோ. பாரம் குறைஞ்சால்தான் கார் ஏறும்.”

பாரம் குறைந்தால்தான் ஏறுமாம். அந்தத் தெரு உண்மையில் இறக்கம். சுற்றியிருக்கிற சரிவுகள் கண்ணை ஏமாற்றுகின்றன, அவ்வளவுதான். எத்தனை பேர் இருந்தாலும் கார் உருளும். இது தெரிந்த நான், சரி என்று இருந்தேன்! ஏனென்றால் நீங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக நின்றீர்கள்.

கார் உருளத் தொடங்கியது. நிரோஜன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல், “நீங்கள் ஷுவர்தானே?” என்று கேட்டார்.

“ஓம். இது ஒரு தோற்றம்தான். லெவல் வைச்சுப் பாத்தால் இறக்கம் எண்டு தெரியும்.”

“தெருவைக் கேக்கேல்லை. எங்கட விசயம்.”

“எங்கட எந்த விசயம்?”

அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். “அம்மாவுக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு... உங்களுக்கு... சொல்லேல்லையோ?” என்றார். பிறகு ஆங்கிலத்தில் மூன்று தரம் சொறி சொன்னார். வெளியே நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அத்தான் வீடியோ எடுத்தார்.

ஊற்றடியில் நான் ஏன் காரை விட்டு இறங்கவில்லை என்று கேட்டீர்கள். தலையிடி என்றேன். விமலா அன்ரி போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து “குடி பிள்ளை, கோயில் தீர்த்தம் மாதிரிக் கிடக்கு” என்று நீட்டினா. வாங்கிக் குடித்தேன். அவவின் முகத்தில் துப்ப முடியாது அல்லவா?

நீங்கள் எனக்கு மாப்பிள்ளை பார்த்ததற்காக நான் கோபிக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்து, கேட்காமல் செய்தீர்கள். அதுவும் எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே இடத்தில். இனி அங்கே போனால் உங்கள் கைதட்டல்தான் கேட்கும்.

இதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

துவாரகா


டூங்கபி
02.07.2012

துவாரகாவுக்கு,

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் பாணும் ஜாமும் தின்றார்கள்.

உனக்கு வயது இருபத்தொன்பது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்து முதலில் கேட்பது உன் விடயம்தான். அவருக்கு நான் என்ன சொல்ல? கல்லோடு இருக்கிறாள் என்றா? நத்தாருக்கு நேராகத்தானே கேட்டேன். படத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்றாய். அப்போது அத்தான்தான் சொன்னார், ‘கல்லைக் காட்டு எண்டு சொல்லு, ஓடி வருவாள்’ என்று. சொன்னோம், வந்தாய். நீ சிரித்துச் சிரித்துக் கதைத்தாயே, அதில் என்ன பொய்? அந்த மனுசியின் கையைப் பிடித்து ஏற்றினாயே, அதை நானா செய்யச் சொன்னேன்?

அவர்களுக்குப் பூரண சம்மதம். சீதனப் பேச்சே இல்லை. நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஓகஸ்ட் இருபத்தாறு ஞாயிறு நல்ல நாள். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்துவிட்டு, மோதிரமும் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் வெள்ளி இரவே புறப்படுகிறோம்.

உனக்கு மட்டும் நடந்தது என்று நினைக்கிறாயா? என்னையும் இப்படித்தான் காட்டினார்கள். நல்லூர்த் திருவிழா, நான் சிநேகிதிகளோடு நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறையக் கச்சான். அத்தானும் அவர் வீட்டாரும் தேர்முட்டிப் பக்கம் நின்று பார்த்தார்களாம். எல்லாம் முடிவான பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னா. அத்தான் இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

கோபத்தை விடு. பட்டுச்சேலை நான் கொண்டுவருகிறேன்.

உன் நன்மையையே நினைக்கும்
அக்கா


ரோவில்
15.07.2012

அக்காவுக்கு,

ஓகஸ்ட் இருபத்தாறு நடக்காது. விமலா அன்ரிக்கு நானே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். நம்பரை நிரோஜன் தந்தார்.

நான் வேண்டாம் என்றதும் அவ அதிர்ந்துபோனா. “பிள்ளை, நீங்கள்தானே எங்களை வரச்சொல்லிக் கேட்டனீங்கள்? தங்கச்சி தானே எல்லாத்தையும் ஒழுங்குபண்ணி, உங்களைப் பாக்க ஆசைப்படுறாள் எண்டெல்லோ வைதேகி சொன்னவா!”

“எனக்கு ஒண்டும் தெரியாது அன்ரி.”

“அப்ப என்ரை கையைப் பிடிச்சு ஏத்தினது?”

“விழுந்திடுவியள் எண்டு பிடிச்சனான்.”

பிறகு, “அப்ப எங்களையுமெல்லோ ஏமாத்தினவா. நான் உன்னை மருமகளா நினைச்சுக்கொண்டெல்லே நடந்தனான்” என்றா. அவ நிறத்தைப் பார்த்தது, காலைப் பார்த்தது எல்லாம் இருக்கட்டும். நான் எல்லாம் தெரிந்துதான் நடக்கிறேன் என்று நம்பியல்லவா பார்த்திருக்கிறா? நீங்கள் என்னிடம் ஒரு பொய், அவவிடம் ஒரு பொய் சொல்லி, நடுவில் என் சிரிப்பை வைத்தீர்கள். அதில் என்ன பொய் என்று கேட்டீர்கள். சிரிப்பில் பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

கச்சான் பகுதியைப் பலதரம் வாசித்தேன். பத்து வருடமாக அத்தான் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் பார்த்தார்கள் என்பதை யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அதை வாசித்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் இன்னும் கூடியது. அது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரு ஆள் நீங்கள். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே, என்னைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தினீர்கள்.

நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் மறக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில் உங்கள் ஜக்கெட்டைத் தந்துவிட்டு நீங்கள் நடுங்கினீர்கள். அதற்காக என் வாழ்க்கைக்கு ஓம் சொல்லும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். விமலா அன்ரிக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள்: ‘அவளுக்குத் தெரியாது, நான்தான் பொய் சொன்னேன்’ என்று. அத்தான் சொல்லக்கூடாது, நீங்கள் சொல்லவேண்டும். அதைச் சொல்லும்வரை எனக்கு எழுதவேண்டாம், வரவும் வேண்டாம்.

துவாரகா


டூங்கபி
05.08.2012

துவாரகா,

சொல்லிவிட்டேன். போனில் இல்லை, நடந்து போய், விமலாவின் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. “உன்னை நம்பின எனக்குச் செருப்பாலை அடிக்கவேணும்” என்றா. இனிக் கோயிலில் என்னோடு யாரும் கதைக்கமாட்டார்கள். உனக்கு இப்போது ஆறிவிட்டதா?

திரும்பி வரும்போது எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத எழுத, கேட்கவேண்டிய நாலில் ஒன்றுகூட உனக்குரியதாக இல்லை. உன்னைப்போல ஒரு கடிதம் அந்த வயதில் நான் யாருக்கும் எழுதவில்லை. எழுதலாம் என்றே தெரியாது. அன்றைக்கு அம்மா சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுப் பின்வளவில் போய் நின்றேன். அது கோபம் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்போது வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன்.

அத்தான் வேலையால் வந்துவிட்டார். ஆருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். சொல்லவில்லை. “முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?” என்றார். கோபமாக இருக்கிறேன் என்றேன். இந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் சொல்லி அவர் கேட்டதில்லை. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆரோடை?” என்று கேட்டார்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருக்கிறார். பதிலுக்காக.

இதை மடித்து உறையில் போட்டுவிட்டுச் சொல்லப்போகிறேன்.

வைதேகி