கெளுத்திக்கு ஒரு மரத்துண்டு

மட்டாஞ்சேரி,
28-12-1984.

அன்புள்ள உங்களுக்கு, ஜெயலக்ஷ்மி நமஸ்காரங்களுடன் எழுதுவது. நானும் அம்மிணியும் சௌக்கியம். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லையென்று வருத்தப்பட்டிருப்பீர்கள். நல்லதாக எழுத ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் காரணம்.

தீபாவளிக்கு உங்கள் தமக்கை சீதா அக்கா வந்திருந்தார். பெற்றவள் போன குழந்தை இப்படி வாய் திறக்காமல் வளைய வருவதைப் பார்க்க முடியவில்லை, கிறிஸ்துமஸ் லீவில் திருப்பூணித்துறைக்கே கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றார். அம்மிணி சரியென்று தலையாட்டினாள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நம் கல்யாணமாகிப் பத்து மாதம், நீங்கள் கப்பலேறி ஏழு மாதம். இத்தனை நாளில் அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பசித்தால் சுவரைப் பார்த்து, "சாதம் ஆயாச்சா?" என்பாள். இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை.

அப்புறம்தான் உங்கள் சிநேகிதர் வாஞ்சிநாதன் வந்தார். சிங்கப்பூரில் நீங்கள் வாங்கிக் கொடுத்த மீனை விமானத்திலும் ரயிலிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கறுப்பு உடம்பில் வெளிர்க்கோடு, சிவந்த கண், அடிப்பக்கம் வாய். இவ்வளவு அவலட்சணமான மீனையா இத்தனை தூரம் சுமந்தார் என்று நினைத்தேன். உங்கள் மீன்தொட்டியில் விட்டதும் அது மூலையில் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்த பள்ளத்தி மீன் ஜோடி இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டின.

அம்மிணிக்கு நீங்கள் வைத்த சீட்டு தமிழில் இருந்தது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் படிக்கிறவள் தமிழை எழுத்துக்கூட்டுவதற்குள் அழுகை வந்துவிட்டது. என்னிடம் கேட்கவும் மனசில்லை. மாவு டப்பா மேல் சீட்டை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள். நான் அடுப்பைக் கவனிக்கிற மாதிரி உரக்கப் படித்தேன். இது மரத்தைத் தின்கிற கெளுத்தி, நல்ல மரத்துண்டு ஒன்று தொட்டியில் போடாவிட்டால் இளைத்துப்போகும் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான், "மரம் எவிடே கிட்டும்?" என்று கேட்டாள்.

பஜாரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் போனோம். மிளகுப் பெட்டிப் பலகை ஆகாது, ஆணியும் சாயமும் இருக்கும். கடற்கரையில் ஒதுங்குவதிலும் உப்பு ஊறியிருக்கும் என்றார். "ஆலுவாவில நோக்கு சேச்சி. பெரியாறு மழையில நல்ல கட்டையெல்லாம் கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றார். அதுவரைக்கும் வெள்ளரிக்காயை வில்லையாக அரிந்து போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை படகில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஆலுவாவில் இறங்கினோம். ஆற்றோர மணல்வெளியான மணப்புறத்தில் பாதி தூரம் நடந்ததும் அம்மிணி சட்டென்று நின்றாள். "இவிடேதான் அம்மாவைப் புழையில விட்டது" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். அங்கே சுவர் ஏது?

இதை நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. குறையாகச் சொல்லவில்லை, சொல்ல உங்களுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் தெரிந்திருந்தால் ஒரு கட்டைக்காக அவளை அங்கே கூட்டிப் போயிருப்பேனா? திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் அவளைத் தோளில் வைத்திருந்தது, குடத்துச் சாம்பல் தண்ணீரில் பட்டதும் காணாமல் போனது, அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு போட எல்லோரும் மறந்துபோனது, எல்லாம் சொன்னாள். ஆறு வயதில் பார்த்தது ஒன்றுகூட மறக்கவில்லை. கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தை உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். சாப்பிட்டாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அவளைப் பெற்ற பாக்கியம் அக்காவை நினைத்து ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

கட்டையை அவள்தான் கண்டுபிடித்தாள். முழங்கையை மடக்கினது போல வளைந்து, தண்ணீர் இழைத்து இழைத்து வழவழவென்று இருந்தது. "இது மதி" என்றாள், இதுவே போதுமாம். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்தோம். விறகா என்று கண்டக்டர் கேட்டார். "விறகல்ல, எங்காத்து மீனுக்குத் தீனி" என்று அம்மிணி சொன்னதும் பஸ்ஸே சிரித்தது.

அதை வேகவைக்கப் பெரிய பாத்திரம் இல்லாமல், என் கல்யாணச் சீரில் வந்த அண்டாவை எடுத்தேன். பாலக்காட்டில் என் அம்மாவிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மூன்று நாள் கொதிக்க வைத்துப் பத்து நாள் ஊறப்போட்டும் சாயம் இறங்குவது நிற்கவில்லை. தொட்டியில் வைத்ததும் தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. மீனெல்லாம் சாகப்போகிறதென்று அம்மிணி பயந்தாள். ஒன்றும் ஆகாது, பள்ளத்திக்கு இந்தத் தண்ணீர்தான் இஷ்டம் என்றார் இஸ்மாயில். கெளுத்தியும் அன்று சாயங்காலமே கட்டையில் ஒட்டிக்கொண்டு கரகரவென்று சுரண்ட ஆரம்பித்தது.

ஒரு வாரத்தில் பள்ளத்தி அந்தக் கட்டையிலேயே முட்டையிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மரத்தைத் தின்கிறபோது கெளுத்தி முட்டைகளையும் சேர்த்துச் சுரண்டிவிட்டது. ஜோடி இரண்டும் வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மிணி ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெளுத்தியை இஸ்மாயிலிடமே கொடுத்துவிடலாம் என்றேன். "வேண்டாம். அது வேணும்னு பண்ணலை. அதுக்கு மரம்தானே ஆகாரம்" என்று விக்கிக்கொண்டே சொன்னாள். கட்டையின் ஒரு முனையை அறுத்துத் தொட்டியின் கோடியில் போட்டுக் கெளுத்தியை அங்கே விட்டு, நடுவில் வலைத்தட்டி வைத்தோம். அடுத்த ஈடு முட்டை பொரிந்தது. நூறு குஞ்சாவது இருக்கும். தாய் தகப்பன் இரண்டின் உடம்பிலும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு எதையோ கொறிக்கின்றன. தோலில் ஊறுவதுதான் அவற்றுக்குப் பால் என்கிறார் இஸ்மாயில்.

நேற்று முன்தினம் சீதா அக்கா வந்தார். முதல்நாளே அம்மிணியின் பாவாடைகளை மடித்துத் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "நான் வரலை அத்தே. குஞ்செல்லாம் தீரச் சின்னது. சித்தி ஒத்தைக்கு என்ன பண்ணுவா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே ஓடிவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அக்காவுக்குக் கோபமில்லை. சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு அவரும் எழுதுவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் எழுதும்போது அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவளிடம் கேட்காதீர்கள். அதற்கப்புறம் அவள் அப்படிக் கூப்பிடவில்லை. கூச்சமாக இருக்கும். நானும் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மீன்களைப் பற்றி மட்டும் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேரிடமும் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயம்.