பதினோராம் கொட்டகையில் லீனா

நவம்பர் 11, செவ்வாய்

சிட்டு, காலையிலிருந்து தூறல். கேட் இன்றும் பூட்டு. ஒன்பதாவது நாள்.

மோகனூர் ரோட்டில் வேறொரு பண்ணையில் கோழிகள் கூட்டமாகச் செத்ததாம். என்ன நோவு என்று தெரிகிறவரை இங்கிருந்து யாரும் வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. முதலாளி உத்தரவு. முட்டை லாரிகூட கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. ஒவ்வொரு கொட்டகைக்கும் மருந்துத் தொட்டியில் கால் நனைத்து நனைத்து விரல் இடுக்கெல்லாம் வெந்துவிட்டது.

தீவனம் இரண்டு வேளை. முட்டை பொறுக்கியது இரண்டு வேளை. சாப்பாடு ஒரு வேளை.

உன் பள்ளிக்கூடப் பையை இன்றுதான் ஆணியிலிருந்து இறக்கினேன். அதிலே இருந்தவை: ஸ்கேல். நீல ரிப்பன். கடித்து வைத்த கடலை மிட்டாய், எறும்போடு. கதை நோட்டு.

நோட்டைத் தேடியதற்குக் காரணம் உன் சிநேகிதி ஷைனி. மத்தியானம் போன் செய்தாள். நீ அவர்களுக்கு ஷெரின், எனக்குத்தான் சிட்டு.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை ஷெரினோட நாப்பதாம் நாள் ஜெபமில்லீங்களா? அன்னிக்கு அவ கதையோட கடைசிப் பாகத்தை வாசிக்கோணும்னு எல்லாரும் சொல்றாங்க. முடிச்சுட்டாளுங்களா?"

"பாக்கலை சாமி."

"பாருங்க ஆன்ட்டி. லீனா ஆறு வாரமா உள்ளயே கிடக்கறா."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. எந்த லீனா? எதற்குள்ளே?

நீ எழுதுவது தெரியும். சபையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வாரம் ஒரு பாகம் வாசிப்பாய் என்பதும், பதினொரு பிள்ளைகள் டீ பிஸ்கட்டைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பார்கள் என்பதும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. ஈரப் புழுக்கம். தீவன ரூம் வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஆறாவதோடு நின்றவள் நான். உன் எழுத்து வேறு கோழி கிளறிய மாதிரி.

கதை இது. லீனாவுக்குப் பதினாறு வயது. ஜெபக் கூட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு கோழிப் பண்ணை. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தெரிந்த குரல். நம்பிப் போகிறாள். பதினோராம் கொட்டகை. உள்ளே ஆள் இல்லை. பின்னால் கதவு சாத்துகிறது. வெளியே பூட்டு விழுகிறது.

சந்தேகம் மூன்று பேர் மேலே. வாட்ச்மேன், கோழி டாக்டர், சிரித்துக்கொண்டே பேசுகிற சபை ஊழியக்காரர். ஒவ்வொரு பாகத்தில் ஒவ்வொருவர்.

செல்லம்மாக்கா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு ஒரே கூண்டு லைனில் வேலை, ஐம்பது வயது, வாய் நிற்காது.

"டாக்டருதான்டி ராசாத்தி. ஊசி போடறவன் எவனையும் நம்பாதே."

"அவருமேல இருந்த சந்தேகம் அடுத்த பாகத்துல போயிருதுக்கா."

"அப்ப அந்த ஊழியக்காரன். ஓயாம சிரிக்கறான் பாரு."

"உங்களுக்கு சாமி கும்புடற ஆளுன்னாலே ஆவாது."

"அடிப் போடி. எங்க ஊட்டு மாரியாத்தா பூசாரியவே நான் நம்பறதில்லை."

ஆறாம் பாகம் ஒன்றேகால் பக்கம். கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "லீனா ஜெபம் செய்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அப்போது"

அவ்வளவுதான். தேதி போட்டிருக்கிறாய். மறுநாள்தான் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள்.

செல்லம்மாக்கா, "அப்போது?" என்று கேட்டார். அப்புறம் அவரே அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

பா.அம்மா போன். (பாஸ்டர் வீட்டம்மாவை இனி இப்படித்தான் எழுதப் போகிறேன், கை வலிக்கிறது.) நல்லவர். கடைசியாக உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைக் கவுன் போட்டுவிட்டவர்.

"ராசாத்தி, நீ கஷ்டப்படாதே. முடிவை நான் எழுதித் தாரேன். அப்போது ஒரு தேவதூதன் வந்து பூட்டைத் தொட்டான், கதவு தானாத் திறந்தது. பிள்ளைங்களுக்கு விசுவாசம் வளரும்."

சரிங்கம்மா என்றுதான் சொன்னேன். அவரிடம் வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

பிறகு மூன்றாம் கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றுவிட்டேன். நாலு பக்கமும் சுவர், உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல், ஆள் நுழைய முடியாது என்று எழுதியிருக்கிறாயே. அடி பைத்தியமே, கோழிக் கொட்டகைக்கு ஏது சுவர்? காற்றுக்கு நாலு பக்கமும் கம்பி வலை. தரையாவது உண்டா? ஆள் உயரத்துக்குத் தூண், தூண்மேல் கூண்டு, நடுவில் நடக்க மட்டும் பாதை. எரு முழுக்கக் கீழே விழுந்து குவியும். சினிமாவில் வருகிற குடோனைப் பார்த்து எழுதியிருக்கிறாய்.

சிரித்துவிட்டேன் சிட்டு. நீ போன பிறகு முதல் தடவை. அந்த லைன் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை நீட்டிப் பார்த்தன. அப்புறம் தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

இந்தப் பண்ணையில் ஏழு வருடம் குடியிருந்தும் நீ ஒரு கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. நான் விடவில்லை. தலைமுடியில் வாடை ஏறினால் மூன்று குளியலுக்குப் போகாது. பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்துவார்கள் என்று பயம்.

அப்புறம் ஒன்று தோன்றியது. லீனா ஏன் இன்னும் உள்ளே இருக்கிறாள்? வழி இருக்கிறதே.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

வழி இது. ஒவ்வொரு கொட்டகையிலும் நடைபாதையின் கோடியில் மட்டும் சிமெண்டுப் பலகை கிடையாது. மரப்பலகை. ஆணி அடித்திருக்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் கீழே இறங்கிப் பார்க்க வேண்டுமே, அதற்காக. பலகையைத் தூக்கினால் ஓர் ஆள் இறங்கலாம். கீழே எரு. மழைக்காலத்தில் இடுப்பளவு. பதற்றப்பட்டு நின்றால் புதையும், படுத்த மாதிரி கையை ஊன்றி ஊர்ந்தால் புதையாது. தூணைத் தாண்டினால் வெளிச்சம், வேலி, ரோடு.

இது எனக்குத் தெரியும். செல்லம்மாக்காவுக்குத் தெரியும். பா.அம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமல் போய்விட்டது.

போன் போட்டுச் சொன்னேன்.

"சபையிலே எருவா, ராசாத்தி?"

"ஆமாங்கம்மா."

"தூதன் வந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"தூதன் வரட்டுங்க. வந்து பலகையக் காட்டட்டும். பூட்டுத் தானாத் திறக்குதுன்னு என்னால எழுத முடியாதுங்கம்மா. நான் ஆறு நாள் ஆசுபத்திரி வாசல்ல முட்டி போட்டுக் கேட்டேன். திறக்கலீங்களே."

ஐயோ, அதிகம் பேசிவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு பா.அம்மா சொன்னார்: "ஆண்டவர் சேத்துலயிருந்து தூக்கினாருன்னு நாமளும்தான் பாடறோம். எழுது. ஆனா அவ குளிக்கற மாதிரி ஒரு வரி சேத்துக்கோ."

எழுதினேன். ஒரு பக்கத்துக்கு நாலு மணி நேரம். உன் பேனாவில் மை வரவில்லை, முதலாளி வீட்டுப் பேனா. எழுத்துப் பிழை நிறைய இருக்கும். "அப்போது" என்று நீ விட்ட இடத்தில் தொட்டு எழுதத்தான் கை வரவில்லை. உன் கடைசி வரி முடிந்துவிடுமே என்று. அடுத்த வரியில் தொடங்கினேன்.

நவம்பர் 15, சனி

ஷைனியும் அவள் தங்கை ஜெபாவும் நோட்டு வாங்கிப் போக டவுன் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். ஜெபாவுக்குப் பத்து வயது. கேட்டுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

"ஏனுங்க, ஒரு நோட்டுத்தானுங்களே, கம்பி வழியா நீட்டிர்றேன்."

"நோட்டாவது கீட்டாவது. இங்கிருந்து ஒரு துரும்பு வெளிய போவக்கூடாது. இவங்க ஊட்டுலயும் நாட்டுக்கோழி இருக்கும். நாளைக்கு அது செத்தா யாரு பதில் சொல்றது?"

"நாளைக்கு ஒரு மணி நேரம் நானாச்சும் போயிட்டு வாரேனுங்க. கல்லறைக்கு மட்டும். புள்ளைக்கு நாப்பதாம் நாளு."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையா அக்கா? என்ற சம்சாரத்துக்கு இது ஒம்பதாம் மாசம். நானும்தான் உள்ள கிடக்கறேன். போறதுன்னா போங்க. திரும்ப வாரதுன்னா கேட் திறக்காது."

போனால் எங்கே போவது? இருக்கிற ஓர் அறையும் பண்ணையோடது. உங்கப்பா போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். அடக்கத்துக்கு வந்தவர் மூன்றாம் நாளே போனார். போன் செய்தால் மிஷின் சத்தம்தான் கேட்கிறது.

ஜெபா கேட்டுக்கு அப்பாலிருந்து கத்தினாள். "ஆன்ட்டி! லீனா தப்பிச்சுருவாளா?"

"நாளைக்குத் தெரியும் சாமி!"

"இப்பவே சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்!"

இத்தனை சத்தமாகக் கத்திக்கொண்டு ரகசியம். சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். போனிலேயே வாசித்துவிடுவது என்று முடிவு. ஷைனி போனை மைக் பக்கத்தில் வைப்பாளாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். உனக்கு நாற்பதாம் நாள்.

கல்லறைக்குப் பூ பா.அம்மாவே வாங்கிப் போனார். மஞ்சள் செவ்வந்தி. போனில் படம் அனுப்பினார். மண் மழையில் அமுங்கிப் போயிருந்தது.

பதினொன்றரைக்கு போன் வந்தது. நான் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். செல்லம்மாக்கா பக்கத்தில், போன் சார்ஜ் தீராமல் இருக்க ஒயரைப் பிடித்துக்கொண்டு.

வாசித்தேன். "லீனா பலகையைத் தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. ஆண்டவரே இதிலேயா என்றாள். இதிலேதான் என்று மனசில் பட்டது. மூக்கை மூடிக்கொண்டு இறங்கினாள்." அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "ஐயே!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். தொடர்ந்து வாசித்தேன். கையை ஊன்றி ஊர்கிறாள், மேலே ஆள் நடக்கிற சத்தம், டார்ச் வெளிச்சம் பலகை இடுக்கு வழியாக விழுகிறது, அசையாமல் கிடக்கிறாள், தாண்டிப் போகிறது, தூண், வேலி, ரோடு. குழாயடியில் குளிக்கிறாள். பா.அம்மாவுக்காக.

வந்துவிட்டாள் சிட்டு. வெளியே வந்துவிட்டாள்.

கை தட்டினார்கள். சபையிலே. பாஸ்டர் ஆமென் சொன்ன சத்தம் கேட்டது. செல்லம்மாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படி ஊர்ந்தா முட்டி தேயும், அதையும் எழுதியிருக்கலாம்" என்றார்.

ஷைனி கேட்டாள். "பூட்டுனது யாருன்னு சொல்லவே இல்லீங்களே ஆன்ட்டி?"

"அது எனக்குத் தெரியாது சாமி. உன் சிநேகிதி சொல்லாமப் போயிட்டா."

அப்புறம் ஜெபா. மைக்கில் வாயை வைத்தே கேட்டாள்போல, காது அடைத்தது.

"ஆன்ட்டி, லீனாவோட அம்மா எங்க? ஆறு பாகத்துலயும் அவங்க தேடவே இல்லியே?"

யாரோ அவளை அடக்கினார்கள். ஜெபம் ஆரம்பித்தது. நான் கண்ணை மூடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மூட்டம். கோழி நோவு என்னவென்று ரிசல்ட் இன்னும் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் என்கிறார்கள்.

தீவனம் போட்டாயிற்று. நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். விரல் வைத்து வரி வரியாக. அப்பா ஓர் இடத்தில் வருகிறார், ஊருக்குப் போயிருக்கிறார். தம்பி வருகிறான், உனக்கு இல்லாத தம்பி. டீச்சர், நாய், பக்கத்து வீட்டுக்காரர். அம்மா என்ற வார்த்தையே இல்லை. பசித்து அழும்போதுகூட லீனா அம்மா என்று சொல்லவில்லை.

விட்டுப்போயிருக்கும் என்று செல்லம்மாக்கா சொல்கிறார். "கதைன்னா எல்லாரையுமா எழுதுவாங்க? என்னையுந்தான் எழுதலை."

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். லீவு நாளில் நான் வேலைக்குப் போகும்போது நம் அறையை வெளியே பூட்டிக்கொண்டுதான் போவேன். லாரி ஆட்கள் வந்து போகிற இடம், வயதுக்கு வந்த பிள்ளை. முட்டை பொறுக்கி முடிக்கிறவரைக்கும்தானே என்று நினைப்பேன். சில நாள் மத்தியானம் ஆகிவிடும். வெளியே எங்கேயாவது நின்றிருந்தால் "சிட்டு, உள்ள வா" என்று கூப்பிடுவேன். வருவாய். பூட்டுவேன். ஒரு நாளும் நீ கோபப்பட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்கம்மா" என்பாய். உள்ளே உட்கார்ந்து எழுதுவாய்.

வாட்ச்மேன் இல்லை. டாக்டர் இல்லை. ஊழியக்காரரும் இல்லை என்று ஐந்தாம் பாகத்தில் நீயே தீர்த்துவிட்டாய். அவர் அன்றைக்குச் சேலத்தில்.

லீனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தத் தெரிந்த குரலை யாருடைய குரலாக வைத்திருந்தாய், சிட்டு?