கடுகு, மிளகுக்கு ஒரு வீடு

நவம்பர் 4, திங்கள்

நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு வெள்ளை எலிகளையும் கொன்றுவிடச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கொரட்டூருக்கு ரயிலேறிவிட்டேன். கடுகு, மிளகு என்று பெயரும் வைத்தாயிற்று. இருப்பதோ மாடியில் ஒற்றை அறை. இதில் எங்கே வைப்பது? லூசு நான்.

நவம்பர் 5

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா, பொன்னியம்மா, பார்த்துவிட்டார். காலி பண்ணச் சொல்வார் என்று நடுங்கினேன். அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ளையாரு வாகனம் நம்ம ஊட்டுக்கே வந்துகீது. நான் இன்னாத்துக்குடி வேணாங்கப் போறேன்?" அப்பாடா!

நவம்பர் 9, சனி

லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்று கிடைத்தது. மிளகு உடனே கம்பிக்கு நடுவில் தலையை விட்டான். தலை போனால் உடம்பும் போய்விடும். பொடிக்கண் கம்பிவலையை உள்ளே சுற்றிக் கட்டினேன், விரலெல்லாம் கீறல். மரத்தூள் போடவில்லை, தும்முவார்கள். எலிக்கு நுரையீரல் ரொம்ப மெல்லிசு. பழைய காட்டன் துணிதான் மெத்தை, படுக்கக் கொட்டாங்குச்சி. ஜன்னலோரம் சாரல், அடுப்போரம் சூடு. மிச்சம் சாமி அலமாரிப் பக்கத்து மூலைதான். அங்கேயே வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

நவம்பர் 15, வெள்ளி

வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை. பொன்னியம்மா மாற்றுச் சாவியில் திறந்து, வாகனத்துக்கென்று கூண்டருகிலேயே சாம்பிராணி போட்டுத் தூபக்காலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மிளகு வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுகிறான். ஐயோ, நான் இன்னா பண்ணுவேன்! தூளுக்குப் பயந்தேனே, இதை ஏன் யோசிக்கவில்லை? வெள்ளிக்கிழமையானால் இந்த வாசனையில்தானே வளர்ந்தேன்.

நவம்பர் 16

மிளகு போய்விட்டான்.

நவம்பர் 18

பொன்னியம்மாவிடம் சொன்னேன். முகம் செத்துப் போயிற்று. "கும்புட்டுத்தானேடி வெச்சேன்..." என்று அழுதார். திட்டத்தான் போனேன். எப்படித் திட்டுவது?

கடுகு கொட்டாங்குச்சியை விட்டு வெளியே வரவில்லை. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன், சொட்டு மருந்து கொடுத்தார். அவர் முகத்திலேயே நம்பிக்கை இல்லை.

நவம்பர் 20

நல்ல காற்று வரட்டும் என்று கூண்டை ஜன்னலோரம் மாற்றி, சாரலுக்குக் குடையை விரித்துக் கட்டினேன். இனிமேல் எதற்கு இதெல்லாம்? துணையில்லாமல் அவன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 26

கடுகும்.

நவம்பர் 29, வெள்ளி

கூண்டைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்தேன்.

சாயங்காலம் பொன்னியம்மா தூபக்காலோடு படியேறி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். புகை உள்ளே போகாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, "இங்க காட்டட்டாம்மா?" என்றார்.

"உள்ள வாங்கம்மா," என்றேன். "இனிமே காட்டலாம்."