பெட்ஷீட்டில் ஒரு துண்டு குறைந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அத்தை, நான், உன் வண்டி நான்கு பேரும் சுகம். அங்கே நீ சுகமா, அந்த இருமல் நின்றதா, அதை முதலில் எழுது. ஃபோன் கையில் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். பயப்படாதே, கெட்ட சேதி இல்லை. கெட்ட சேதியாகியிருக்க வேண்டியது, ஆகவில்லை. முந்தாநாள் மத்தியானம் உன் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நீ அனுப்பிய புது மேனிஃபோல்ட் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது, உஸ் உஸ்ஸென்று காற்று கசிகிற சத்தம் போன இடம் தெரியவில்லை, மீட்டர் முள்ளும் முன்போல ஏறி இறங்கிக் குதிக்காமல் வைத்த இடத்தில் நிற்கிறது. மலைப்பாதைக் கார் பந்தயத்துக்கு நீ தைரியமாகப் பேர் கொடுக்கலாம், டிக்கெட்டும் எடுக்கலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி, பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுக்கு ஃபோன் போடாதே. உன் பார்சல் வந்த அன்றைக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அத்தை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, என்னம்மா இது, உன் பொண்ணு வெள்ளியில பசுமாட்டு மடி வாங்கி அனுப்பியிருக்கா என்றார். அப்பாதான் விளக்கினார், இஞ்சினில் நாலு அறை இருக்கிறதாம், உள்ளே வருகிற காற்றை நாலுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலையாம், நீ வேகத்துக்காகக் காற்றை அழுத்தி அழுத்தி அனுப்பியதில் பழைய பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டுவிட்டதாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, கூட்டு வியாபாரத்தில் பங்கு சரியாகப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன், நீ பூட்டு என்று பேர் வைத்தாயே, வாயைத் திறக்கவே மாட்டான் என்று, அவனேதான். வந்தவன் பழைய கூட்டைக் கழற்றினான், இஞ்சின் பக்கம் நாலு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது, ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் இஞ்சின் காலி, அடைக்கத் துணி வேணும் அக்கா என்றான். மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி விற்கிறவள் வீட்டில் துணிக்கா பஞ்சம், ஆனால் கடைச் சரக்கு எல்லாம் பனியன் துணி, நூல் நூலாக உதிரும், அது உள்ளே போனால் வம்பு. வெளுத்து வெளுத்துப் பட்டுப்போல ஆன பழைய காட்டன்தான் இதற்குச் சரி. அதனால் உன் அறையில் இருந்த நீலப்பூப் போட்ட பெட்ஷீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காதே, ஓரத்தில் கிழிந்துதான் கிடந்தது.

இப்போது நீ கோபப்படப் போகிற இடம். அப்பாவை வண்டிப் பக்கம் விடாதே என்று நீ சொன்னாய் இல்லையா, அதை நான் கேட்கவில்லை. நீ அதைச் சொன்னபோது ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். போன தடவை பிளக்கைக் கோணலாக மாட்டினார்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் உனக்குத் தெரியாத வேறு ஒரு பயம் எனக்குள் இருந்தது. கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது, ஒருநாள் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனவர் நடந்து திரும்பி வந்தார், ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டால் என்னைப் பார்த்து முழிக்கிறார். வரைபடத்தில் ஒரு கோடு தப்பாமல் காலமெல்லாம் வேலை பார்த்த மனுஷன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததால் வந்ததா, இல்லை வேறு ஏதாவதா, எனக்குப் பகலெல்லாம் அதே யோசனை. கையில் ஒரு வேலை இருந்தால் தேவலை என்றுதான் புது மேனிஃபோல்டை அவர் பொறுப்பில் விட்டேன். இஞ்சினைத் தொடக்கூடாது, மேசை மேல் இருக்கிற இதைத் துடைத்து, வாயில் அந்த மூடியை, த்ராட்டில் என்கிறீர்களே, அதை மாட்டிக் கொடுத்தால் போதும் என்று பூட்டும் ஒத்துக்கொண்டான். நாலு போல்ட்டுதானே சார், நீங்களே போடுங்க என்றான். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

ஓட்டைகளில் அடைத்த துணியை உருவிப் போட்டு, எல்லாம் மாட்டி, போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு முறையாக இறுக்கி, பெட்ரோல் குழாய் எல்லாம் கோத்து, பூட்டு சாவியைக் கையில் எடுத்துவிட்டான். நான் அந்த நேரம் தரையில் உட்கார்ந்து துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், துவைத்தால் இன்னொரு தடவை ஆகும், என் கை சும்மா இருக்குமா. கிழித்த ஓரமும் கிழித்த ஓரமும் சேருகிறதா என்று பழக்கத்தில் விரித்துக்கொண்டே வந்தேன், பூவுக்குப் பூ பொருந்தி வந்தது, பெட்ஷீட் பழையபடி தரையில் படுத்துக்கொண்டது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டு தெரிந்தது. ஒரு துண்டு குறைகிறது. சாவியைத் தொடாதே என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். எங்கயாவது பறந்திருக்கும் அக்கா என்றான், பறந்த இடத்தைக் காட்டு தம்பி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு என்றேன். ஜன்னலில் இருந்த அத்தை, குளிருதுன்னு இஞ்சின் இழுத்துப் போத்திக்கிச்சா என்கிறார், எனக்குச் சிரிப்பா வரும். வண்டி நிற்கிற செட்டில் மூலை முடுக்கெல்லாம் தேடினோம், அத்தையின் புடவை மடிப்பு உட்பட. இல்லை. பூட்டு வேறு வழியில்லாமல் முனகிக்கொண்டே மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, டார்ச் அடித்து நாலு ஓட்டையும் பார்த்தான். சுத்தம். அப்போதுதான் அவனுக்கே வியர்த்தது. வால்வு திறந்திருந்த ஓட்டை வழியா இன்னும் உள்ள போயிருந்தா இஞ்சினையே பிரிக்கணும், பந்தயத்தை மறந்துடச் சொல்லுங்க என்றான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கை வெச்சா இப்படித்தான், பொண்ணு சரியாத்தான் சொன்னா என்றார். துணியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்க எனக்குப் பயம், ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. அந்த நேரத்தில் ஒரு குளவி ர்ர்ரென்று விட்டத்தைச் சுற்றியது. அவர் அதையே பார்த்தார். எழுந்தார், நேரே மேசைக்குப் போய் மேனிஃபோல்டின் வாயில் தான் மாட்டிய மூடியைத் தானே கழற்றினார், முழங்கை வரை கையை விட்டு இழுத்தார், நீலப்பூ வெளியே வந்தது. குளவி கூடு கட்டிடும்னு நான்தான் உள்ள தள்ளி அடைச்சேன், மூடி போடறதுக்கு முன்னால எடுக்க இருந்தேன், அப்பத்தான் பாப்பா வீடியோவுல கூப்பிட்டா என்றார். புதுச் சாமானுக்குள் என்ன இருக்கும் என்று பூட்டு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தோடு நிற்கவில்லை அப்பா, நீ அன்றைக்குச் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாய், நாலு தடவை இருமினாய், உன் ஜன்னல் கதவு சரியாகச் சாத்துவதில்லை என்றாய், எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். நீ ஃபோனில் வந்தால் கையில் இருக்கிற வேலை மறந்துபோகிறது, நீ சொன்னது ஒன்றும் மறக்கவில்லை. இது மறதியா சொல். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், பெட்ரோல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தத் துண்டை அவரே கொண்டுவந்து தரையில் இருந்த இடைவெளியில் வைத்தார், பூ முழுசானது. அதற்கப்புறம்தான் பூட்டு, கசிவைத் தடுக்கிற கேஸ்கட்டைப் புதிதாக வைத்து மறுபடி மாட்டினான். சாவியை அப்பா கையில் கொடுத்தான். ஒரே திருகு.

பயம் போய்விட்டது என்பதற்காக டாக்டரை விட்டுவிடப் போவதில்லை, நாள் வாங்கியாயிற்று, கண்ணுக்கு என்று சொல்லி அழைத்துப்போய் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். ஸ்கூட்டர் விஷயம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. வியாபாரம் பரவாயில்லை, ஒரு பெரிய அச்சகம் புதிதாகச் சரக்குக் கேட்டிருக்கிறது. நீ அந்த ஜன்னலை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிபண்ணிக்கொள், இருமலுக்கு அதுதான் காரணம், கெஞ்சாதே, எழுதிக் கேள். இனி அப்பாவை வண்டிப் பக்கம் விடாதே என்று சொல்லாதே, நீ வரும்போது பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்.

ஏன் கடிதம் என்றால், இதை அவளிடம் வாயைத் திறந்து சொல்லாதே என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இஞ்சின் சத்தம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், ஒரு மணி நேரம் பேசுவார்.

நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இரு, போகிற பாதையெல்லாம் உனக்கு வழி விடட்டும். கடைசியாக ஒன்று. இந்த உறைக்குள் அந்த நீலப்பூத் துண்டை வைத்திருக்கிறேன், துவைத்துவிட்டேன், இருந்தும் லேசாக நெடி அடிக்கும். மீதித் துண்டுகளை அப்பா செட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இனி வண்டியில் எதைத் திறந்தாலும் முதலில் பெட்ஷீட்டை விரித்துப் பார்த்த பிறகுதான் சாவி என்று சட்டம் போட்டிருக்கிறார். அதனால் வரும்போது மறக்காமல் எடுத்து வந்து, அவர் பார்க்காத நேரத்தில் டப்பாவில் போட்டுவிடு. இல்லாவிட்டால் ஒரு துண்டு குறைகிறது என்று உன் இஞ்சினை முழுசாகப் பிரித்துவிடுவார்.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத
உன் அம்மா