பொன்னாள் இரவல் வாங்கிப் போன நிலா

என் அருமை மாப்பிள்ளை சூசைக்கு,

நாம் இருவரும் எழுதிவந்த தொடர்கதை வரவேண்டிய பக்கத்தில் இந்த மாதம் இந்தக் கடிதம் வருகிறது. ஆசிரியர் கதையைத்தான் கேட்டார். என்னிடம் இதுதான் இருந்தது.

புயல் ஓய்ந்த பிறகு உன்னைத் தேடி தனுஷ்கோடிக்கு வந்தேன். உன் கருவாட்டுக் கிட்டங்கி இருந்த இடத்தில், ஒன்றுமே தெரியாததுபோலக் கடல் நின்றுகொண்டிருந்தது. நீ கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்கத் தங்கச்சிமடத்துக்குத் தாய்வீடு போயிருந்த உன் பெண்டாட்டி ஆரோக்கியம் தப்பினாள். தப்பினாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது.

கதைக்கு வருவோம். எங்கோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் நீராழி என்ற உலகம். அதற்கு மூத்தாள், நடுவுள்ளாள், இளையாள் என்று மூன்று நிலாக்கள். "ஆளுகள நீ பாத்துக்க மச்சான், ஆகாசத்த நான் பாத்துக்கிறேன்" என்று பாகம் பிரித்தவன் நீ. ஒரு சிரிப்புக்காக இளையாளை ஒரே ராத்திரியில் இரண்டு தடவை உதிக்கவிட்டேன் என்று, பாம்பனிலிருந்து இராமநாதபுரம் வரை ரயிலில் என்னோடு பேசாமல் வந்தாயே! பக்கத்துக் கிரகத்துக்குப் பொன்னாள் என்ற பெயர் மட்டும் என் கைவரிசை. அது எங்கள் அடுத்த வீட்டுக்காரியின் பெயர். அவள் கதையெல்லாம் படிக்கமாட்டாள் என்ற தைரியம்தான்.

கடைசியில் நீ என்ன செய்துவைத்திருக்கிறாய்? மூன்று நிலாக்களும் ஒரே பக்கம் கூடும் நாளில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். கடல் ஏறும், சிப்பித்தீவு மூழ்கும். தீவில் இருப்பவர்களுக்குப் பேரும் பல்வலியும் மாமியார் சண்டையும் கொடுத்தவன் நான். அவர்களை நானே முக்கவேண்டுமா?

போன ஞாயிறு தங்கச்சிமடம் போயிருந்தேன். பூசை முடிந்து வந்த ஆரோக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அடுத்து அந்தத் தீவு முங்கிருமாமே? அவுக சொல்லிக்கிட்டிருந்தாக."

"மூணு நிலாவும் சேந்தா தண்ணி ஏறத்தான செய்யும், தங்கச்சி?"

"நிலாவ வச்சது யாரு? நீங்க ரெண்டு பேருந்தான? ஒண்ணத் தூக்கிட்டுப் போங்க."

"அது அவன் வச்ச ஆகாசம்மா. மாத்துனா என்னயத் தொலச்சிருவான்."

"வந்து தொலைக்கட்டும்ணே. வரட்டும்."

அன்றிலிருந்து பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். ஊரைச் சிரிக்கவைப்பவன் என்று எனக்குப் பெயர். சோற்றை வைத்துவிட்டு என் பெண்டாட்டி, "எதாச்சும் நக்கல் பண்ணுங்களேன், பயமா இருக்கு" என்கிறாள். மாப்பிள்ளை, அந்தத் தண்ணீரை எப்படி இறக்குவது? உனக்கு இறங்காத தண்ணீரை வேறு யாருக்கு இறக்கி என்ன ஆகப்போகிறது?

இன்று காலை என் பெண்டாட்டி முறுக்கு உரலைத் தேடினாள். போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியில் அடுத்த வீட்டுப் பொன்னாள் இரவல் வாங்கிப்போனது. கேட்டால், "இந்தா, கழுவிட்டுத் தாரேன்" என்பாள். இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அங்கேதான் வழி கிடைத்தது. பொன்னாள் கிரகம் வாசலில் வந்து நிற்கும். "ஒரு நிலா குடுங்க, விடிஞ்சதும் தாரேன்" என்று இளையாளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போகும். திருப்பித் தராது. ஏறிவந்த தண்ணீர் தீவின் கரையோடு நின்றுவிடும்.

ஆகாசம் அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்கும் தெரியும். உனக்குக் கோபம் வரும் என்றும் தெரியும். வரட்டும் என்றுதான் செய்கிறேன். சிப்பித்தீவில் ஒரு குழந்தையின் கணுக்கால்கூட நனையாது. ஆரோக்கியத்துக்கும் உனக்கும் இது என் வாக்கு. பொறுக்கவில்லையென்றால் எழுந்து வா. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்துகொள். இராமநாதபுரம் வரை ஒரு வார்த்தை பேசவேண்டாம்.

உன் ஆகாசத்தில் கைவைத்துவிட்ட
மச்சான் முத்துராக்கு