டிம்மர் மேல் தப்பில்லை

ஆசையாக வாங்கி வந்த டிம்மர் ஸ்விட்சை விஜயன், டெல்லி துவாரகாவில் இருக்கும் தன் வீட்டு ஹாலில் தானே மாட்டினார். வெளிச்சத்தைக் குறைத்ததும் எல்இடி பல்புகள் கண்சிமிட்ட ஆரம்பித்தன. "என்னங்க இது, டிஸ்கோவா?" என்று மனைவி சாந்தகுமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகம் சுண்டிப்போய், சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

காலையில் அவர் எழுவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். டிம்மர் வந்த டப்பாவை எடுத்துப் படித்தாள். பிறகு ஒரு சீட்டு எழுதி மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, நீங்க மாட்டினது சரிதான். பல்புதான் தப்பு. டிம்மருக்குன்னே தனி எல்இடி இருக்காம், நம்மது சாதா. வரும்போது வாங்கிட்டு வர்றேன். எலக்ட்ரீஷியன் பையாவ வர வேண்டாம்னு சொல்லிட்டேன், நீங்களே மாட்டுங்க. மெயினை அணைச்சிட்டு ஸ்டூல்ல ஏறுங்க. ஹாட்பேக்ல இட்லி இருக்கு. நான் சாவி எடுத்துக்கல, பெல் அடிச்சா கோவத்துல திறக்காம இருந்துடாதீங்க."

சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"ராத்திரி விளக்கைக் குறைச்சு வச்சு சேர்ந்து சாப்பிடலாம். ரொம்பக் குறைக்காதீங்க, சாம்பார்ல முருங்கைக்காய் எங்கன்னு தெரியணும்."