வத்தகைத் தோட்டத்துப் பச்சைத் துணி

03.08.1976, செவ்வாய்

விவசாயப் போதனாசிரியர் இரத்தினசிங்கம் ஐயா இன்றும் குச்சவெளி வெயிலில் சைக்கிள் மிதித்து எங்கள் வத்தகைத் தோட்டத்துக்கு வந்தார். வத்தகையை அவர் புத்தகத் தமிழில் தர்ப்பூசணி என்பார். மருந்து அடித்தால் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, அந்தப் பழத்தில் கைவைக்கக் கூடாதாம். மருந்து உள்ளே இறங்கிவிடும், கழுவினால் போகாதாம். மறந்துபோகாமல் இருக்க அந்தப் பக்கத்தில் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். கல்யாணம் முடித்த நாள் முதல் எனக்கும் இப்படித்தான் ஓம் போடுகிறார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

07.08.1976

கடல் பக்கத்துப் பாத்திகளில் வண்டு விழுந்துவிட்டது. இவர் மருந்து அடித்தார். சிவப்புத் துணிக்கு எங்கே போக? என் பழைய பச்சைச் சாறியைக் கிழித்தேன். பாதி தடியில் ஏறியது, மறுபாதி குசினியில் சட்டி இறக்கக் கிடக்கிறது.

எங்கள் மகள் அசனா வயிற்றுப்பிள்ளைக்காரி. அந்தப் பக்கத்துப் பழத்தைத் தொடவே வேண்டாம் என்று அவளுக்கு மூன்று தரம் சொன்னார். பரவாயில்லை, ஐயா சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

10.08.1976

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. தடியின் அடியில் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார்கள்! பச்சைத் துணி காற்றில் ஆடினால் எங்கள் சனம் வேறென்ன நினைக்கும்? நேர்ச்சைக் கொடி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எந்த தர்கா அவுலியாவின் பேரில் என்று அடுத்த தெரு நஜ்முன் நிஸா வந்து கேட்டாளாம்.

இவர் இல்லையென்று சொல்லவில்லை. களவு குறையும்தானே என்கிறார். பின்னேரம் தொழுகைத் தொப்பியும் போட்டுக்கொண்டு தடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

12.08.1976, வியாழன்



அடுத்த வீட்டு லைலாவின் சின்ன மகளுக்குக் காய்ச்சல். கொடியடியிலிருந்து ஒரு பழம் தரும்படி லைலா கேட்டிருக்கிறாள். இவர் கொடுத்திருக்கிறார்! தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்கிறார் — கழுவிக் கொடுக்கச் சொன்னாராம்.

ஓடினேன். பழம் வெட்டாமல் இருந்தது. நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெட்டவென்று வைத்திருந்தாள். அல்ஹம்துலில்லாஹ். தா என்றேன். அவள் பழத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நேர்ச்சைப் பழத்தத் திருப்பிக் குடுக்க ஏலாது ராத்தா."

அது கொடியில்லை, மருந்தடித்ததற்கு அடையாளமாகக் கட்டிய என் சாறி என்றேன். நம்பவில்லை. மறுபடி ஓடி, குசினியில் கிடந்த மறுபாதியைக் கரியோடு கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். சாறிக் கரையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கல்யாணத்துக்கு நான் கட்டிக்கொண்டு போன சாறி.

"உங்கட சாறிக்கா நான் பத்தி கொளுத்தினன்?"

சிரித்தாள். பிறகு பழத்தை என் கையில் தந்துவிட்டு, மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "லைலாட புள்ளைக்குக் கழுவினாப் போகும், அசனாக்குப் போகாதோ?"

சாப்பிடாமல் எழும்பிப் போனார். ஐயா சொன்னது இந்த மனிசனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கினதை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

13.08.1976

இவர் விடியவே தோட்டத்துக்குப் போனார். மருந்து அடிக்காத பக்கத்திலிருந்து நல்ல பழமாகப் பார்த்து லைலா வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இவர் சொல்லவில்லை, லைலா சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

16.08.1976

திருகோணமலைச் சந்தை வியாபாரி சரீப் லொறியோடு வந்து நின்றார். நோன்பு வருகிறது, வத்தகைக்கு நல்ல கிராக்கி. இரண்டு பக்கமும் சேர்த்து இன்றைக்கே ஆய்ந்து லொறியில் ஏற்றச் சொன்னார். தவறினால் இனி லொறி இந்தப் பக்கம் வராதாம். மருந்தடித்த பழமென்று டவுணில் ஒருவரும் கேட்கப்போவதில்லையாம்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர் வழக்கம்போல ஓம் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இவர் தடியைக் கையால் காட்டினார்.

"அந்தப் பக்கம் ஏலாது, சரீப். என்ட மகளுக்கே இன்னும் குடுக்கல்ல."

லொறி பாதி வெறுமையாகப் போனது. இத்தனை வருசத்தில் இவர் ஏலாது என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இவருக்குச் சொல்லவில்லை, மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு தடிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

29.08.1976

கடல் பக்கத்துப் பழம் பாதி வெடித்துப் போயிற்று. இரண்டு கிழமை கழிந்தபின் மிச்சத்தை இவர் சைக்கிளில் கட்டி ஊருக்குள்ளேயே விற்கிறார்.

நோன்பு திறக்கிற நேரம் அதில் ஒன்றை இவரே வெட்டி, முதல் துண்டை அசனாவின் கையில் வைத்தார். அடுத்ததை லைலாவின் மகளுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த தோட்டத்துப் பக்கீர் வந்து, மருந்து அடிக்கப் போவதாகவும் கட்டுவதற்குத் துணி வேண்டுமென்றும் கேட்டார். குசினியில் கிடந்த மறுபாதியைக் கழுவாமலே கொடுத்துவிட்டேன். அந்தக் கரிக்கு ஒருவரும் பத்தி கொளுத்தமாட்டார்கள்.

கஞ்சிச் சட்டியை இவர் இடுப்பில் உடுக்கிற சாரத்தால் இறக்கினேன். இவருக்கு இன்னும் தெரியாது.